செல் சவ்வைக் கணினியில் ஓடவிட்டுக் கிடைக்கும் படத்தை எவ்வளவு நம்பலாம்?

முதுகலை இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. லிப்பிடு எனப்படும் கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீருக்குள் நெளிந்து நகர்ந்து ஒரு சவ்வாகச் சேரும் காணொளி ஒன்றைப் பார்த்தாராம். அது ஓவியர் வரைந்த அசைபடமா, உண்மையிலேயே கணக்கிட்டு எடுத்ததா என்று கேட்கிறார். கணக்கிட்டதுதான் என்றால், எந்த நுண்ணோக்கியிலும் எவரும் கண்டிராத அந்த அசைவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம், தம்மிடம் இருக்கும் கணினியில் அதைச் செய்து பார்க்க முடியுமா என்பவையும் அவர் கேள்விகள்.

கணக்கிட்டதுதான். ஆனால் அந்தக் காணொளி, கணக்கின் விளைவுகளிலேயே மதிப்புக் குறைந்தது. சவ்வை உருவகப்படுத்துபவர்கள் படத்தைப் பார்த்து எதையும் நம்புவதில்லை. அந்த ஓட்டத்திலிருந்து எடுக்கும் சில எண்கள் ஆய்வகத்தில் அளந்த எண்களோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே படத்தைத் திறக்கிறார்கள். அந்த எண்கள் எவை, அவை ஏன் சில சமயம் சரியாகவும் சில சமயம் தற்செயலாகச் சரியாகவும் வருகின்றன என்பதை விளக்கினால் உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சவ்வின் அடிப்படை எளிது. பாஸ்போலிப்பிடு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் ஒரு தலையும் நீரை ஒதுக்கும் இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. தண்ணீரில் போட்டால் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும். தலைகள் இரு புறமும் தண்ணீரைப் பார்த்து நிற்கும். இப்படி ஓர் ஈரடுக்கு தானாக அமையும். 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது செல்களின் மொத்தப் புறப்பரப்பைப்போல இரு மடங்கு வந்ததைக் கண்டு ஈரடுக்கை ஊகித்தார்கள். உண்மையில் அவர்கள் லிப்பிடை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள் என்பது பின்னாளில் தெரிந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைத் தந்துவிட்டன. இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பிழையைப் பிழையால் ஈடுகட்டும் இதே கூத்து கணினி உருவகப்படுத்தலிலும் நடக்கிறது. அந்த இடங்களைக் கீழே காட்டுகிறேன்.

கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறு பெட்டியை வைத்துப் பார்ப்போம். டிபிபிசி என்ற லிப்பிடை எடுத்துக்கொள்வோம்; நம் நுரையீரலின் உள்பரப்பில் பூசியிருக்கும் திரவத்தில் மிகுதியாக உள்ள லிப்பிடு அது. ஒரு மூலக்கூறில் 130 அணுக்கள். ஓர் அடுக்குக்கு 64 வீதம் 128 மூலக்கூறுகளை அடுக்கினால் 16,640 அணுக்கள். லிப்பிடு ஒன்றுக்கு 40 தண்ணீர் மூலக்கூறு என்று வைத்தால் மேலும் 15,360 அணுக்கள். ஆக மொத்தம் 32,000. பெட்டியின் பக்கம் ஆறு நானோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கூட்டி, நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அதை இரண்டு ஃபெம்டோ வினாடிக்கு நகர்த்தி, புதிய இடத்தில் விசைகளை மறுபடி கணக்கிட்டு மறுபடி நகர்த்த வேண்டும். ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஃபெம்டோ வினாடி என்பதால், ஒரு மைக்ரோ வினாடி ஓட்டுவதற்கே 50 கோடி முறை இந்தச் சுற்றைச் செய்தாக வேண்டும். மூலக்கூறு இயக்கவியல் என்று இதற்குப் பெயர்.

இத்தனை சிறிய பெட்டிக்கு விளிம்பு இருந்தால் விளிம்பின் கதைதான் கிடைக்கும், சவ்வின் கதை கிடைக்காது. ஆகவே வலப்புறம் வெளியேறும் மூலக்கூறு இடப்புறம் உள்ளே வருமாறு பெட்டியைத் தன்னோடு தானே ஒட்டிவிடுகிறார்கள். சவ்வு தன் பரப்பைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியின் நீள அகலங்கள் ஒரு பக்கமும் உயரம் தனியாகவும் அழுத்தத்துக்கேற்ப விரிந்து சுருங்க விடுகிறார்கள். இதற்கு இன்று பரவலாகப் பயன்படும் முறை, பாரினெல்லோவும் அனீசூர் ரஹ்மானும் 1980களின் தொடக்கத்தில் வகுத்தது. ரஹ்மான் ஹைதராபாத்தில் பிறந்தவர்; அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் 1964இல் 864 ஆர்கான் அணுக்களைக் கணினியில் ஓடவிட்டு, திரவத்தை இப்படியும் ஆராயலாம் என்று காட்டியவர். இந்தத் துறையில் நாள்தோறும் தட்டச்சாகும் பெயர்களில் ஒன்று அவருடையது; அவர் எந்த ஊர்க்காரர் என்பது தட்டச்சுபவர்களில் பலருக்குத் தெரியாது.

இனி உங்கள் கேள்வியின் நடுப்புள்ளிக்கு வருவோம். நியூட்டனின் விதி சரி. விசை எங்கிருந்து வருகிறது? அணுக்களுக்கிடையே உள்ள விசை குவாண்டம் இயற்பியல் சார்ந்தது. அதை 32,000 அணுக்களுக்கு 50 கோடி முறை நேரடியாகக் கணக்கிட இன்றைய கணினிகளால் இயலாது. எனவே பிணைப்புகளைச் சுருள்வில்லாகவும், முறுக்கங்களை அலைச் சார்பாகவும், ஒவ்வோர் அணுவையும் மாறாத ஒரு மின்னூட்டம் தாங்கிய உருண்டையாகவும் வைத்து ஓர் எளிய சூத்திரம் எழுதி, அதிலுள்ள நூற்றுக்கணக்கான எண்களை ஓரளவு குவாண்டம் கணக்கிலிருந்தும் ஓரளவு ஆய்வக அளவீடுகளிலிருந்தும் பொருத்தி எடுக்கிறார்கள். இந்தச் சூத்திரமும் எண்களும் சேர்ந்ததுதான் விசைப்புலம். சார்ம், ஆம்பர், குரோமோஸ் என்று பல பள்ளிகள் உண்டு; சங்கீதப் பாணிகள் போல ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம், ஒன்றின் துண்டை இன்னொன்றில் ஒட்டினால் அபசுரம்தான்.

விசைப்புலம் தேறுகிறதா என்பதற்கு முதல் சோதனை, தலைக்கு எவ்வளவு இடம் என்ற கணக்கு. பெட்டியின் பரப்பை ஓர் அடுக்கிலுள்ள லிப்பிடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. டிபிபிசிக்கு 50 டிகிரி செல்சியஸில் ஆய்வக மதிப்பு ஏறக்குறைய 0.63 சதுர நானோமீட்டர். குளிர்ந்து ஜெல் நிலைக்குப் போனால் 0.48க்கு அருகே இறங்கிவிடும். சிறு எண்தானே என்று தோன்றலாம். ஆனால் தலைகள் தண்ணீரோடு கொள்ளும் ஈர்ப்பு, மின்னூட்டங்களின் விலக்கம், வால்கள் தாறுமாறாக அசைய விரும்பும் என்ட்ரோப்பி, வால்களுக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள ஒவ்வாமை ஆகிய பெரிய விசைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கும் சமநிலைப் புள்ளி அது. அவற்றில் ஒன்று சிறிது பிசகினாலும் இந்த எண் நகர்ந்துவிடும். சார்ம் பள்ளியின் பழைய லிப்பிடு எண்களை வைத்து ஓட்டினால் சவ்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, திரவமாக இருக்க வேண்டிய வெப்பநிலையிலும் ஜெல் போல விறைத்துவிடும். பலர் பெட்டியின் பரப்பைக் கையால் நிலைநிறுத்தியோ, வெளியிலிருந்து ஒரு பரப்பு இழுவிசை கொடுத்தோ அதைச் சமாளித்தார்கள். 2010இல் திருத்திய எண்கள் வந்த பிறகே அந்த ஊன்றுகோல் தேவைப்படாமல் போனது. ஊன்றுகோலோடு வெளியான கட்டுரைகளில் தலைக்கான இடம் சரியாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். லைடன் கதை திரும்ப வந்த முதல் இடம் இது.

அந்த எண் சரியாக இருந்தாலும் ஏமாறலாம் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. தொடக்கக் காலத்தில் டிபிபிசி சவ்வை அறை வெப்பநிலையில் ஓட்டி, இருநூறு நானோ வினாடி முழுவதும் அது அழகாகத் திரவமாக இருப்பதைப் பார்த்து, தலைக்கான இடத்தையும் வரைபடமாக்கி எடுத்துப்போனேன். மூத்தவர் ஒருவர் படத்தைப் பார்க்காமலேயே, "மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். டிபிபிசியின் வால்கள் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைவது போல அதுவும் 41 டிகிரிக்குக் கீழே விறைக்க வேண்டும். நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பால் வளைந்த வால்களையுடைய டிஓபிசி, நல்லெண்ணெய் போலக் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் நிலைமாற்றம் சுழிக்குக் கீழே 17 டிகிரியை ஒட்டித்தான். நான் திரவ நிலையில் அடுக்கித் தொடங்கிய டிபிபிசி, உறைவதற்கு வேண்டிய நேரம் கிடைக்காததால் மட்டுமே திரவமாகத் தெரிந்தது. கணினி பொய் சொல்லவில்லை. நான் கொடுத்த நேரத்துக்குள் அது வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. அன்றிலிருந்து எந்த ஓட்டத்தைப் பார்த்தாலும் எங்கிருந்து தொடங்கினார்கள், எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்கிறேன்.

தலைக்கான இடத்துக்கு அடுத்து, இன்னும் கண்டிப்பான சோதனை ஒன்று உண்டு. லிப்பிடின் ஒவ்வொரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பும் சவ்வின் செங்குத்துத் திசையோடு சராசரியாக எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை அணுக்கருக் காந்த ஒத்திசைவு முறையில் அளக்கலாம். ஒழுங்கு அளவுரு என்பார்கள். இதில் தலைக்கான இடம் போல ஒரே எண்ணில்லை, மூலக்கூறின் ஒவ்வொரு கார்பனுக்கும் ஓர் எண். பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள இங்கே இடம் குறைவு. 2013இல் தொடங்கிய என்எம்ஆர்லிப்பிட்ஸ் என்ற திறந்த கூட்டுமுயற்சியில் பல நாட்டு ஆய்வாளர்கள் தத்தம் ஓட்டங்களைப் பொதுவில் வைத்து, இந்த எண்களோடு வரிசையாக ஒப்பிட்டார்கள். வால்களில் பெரும்பாலான விசைப்புலங்கள் தேறின. தலைப்பகுதியின் வடிவத்தில் எதுவுமே முழுதாகத் தேறவில்லை. சோடியம் அயனிகள் தலைகளோடு ஒட்டிக்கொள்வதைப் பல மாதிரிகள் மிகைப்படுத்துகின்றன என்பதும் அங்கேதான் தெளிவானது. ஒவ்வோர் அணுவுக்கும் மாறாத மின்னூட்டம் என்று எளிமைப்படுத்தினோமே, அதற்குச் செலுத்தும் விலை இது. ஆகவே சவ்வின் தடிப்பு, வால்களின் அசைவு ஆகியவற்றைப் பற்றி ஓர் உருவகப்படுத்தல் சொன்னால் நான் பெரும்பாலும் ஏற்பேன். உப்பு அயனிகள் சவ்வில் எங்கே எத்தனை ஒட்டுகின்றன என்று சொன்னால், எந்த விசைப்புலம் என்று கேட்காமல் ஏற்கமாட்டேன்.

நீங்கள் பார்த்த வகைக் காணொளிக்கு ஒரு சிறிய வரலாறு உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பெரெண்ட்சென் குழு 1982இல் 32 டெக்கனோயேட் மூலக்கூறுகளைக் கொண்டு ஓர் ஈரடுக்கை ஓட்டியது. பாஸ்போலிப்பிடுகூட இல்லை, சோப்பு போன்ற ஒற்றை வால் மூலக்கூறு. 1993இல் இல்லினாய்யில் கிளாவுஸ் ஷுல்டென் குழு 200 பிஓபிசி லிப்பிடுகளும் தண்ணீருமாக 27,000 அணுக்களை ஓட்டி வெளியிட்டது. அதற்கான கணினியை அவருடைய மாணவர்கள் ஜெர்மனியின் மியூனிக்கில் அறுபது செயலிகளை இணைத்துத் தாங்களே கட்டியிருந்தார்கள். 1988இல் அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்தபோது ஷுல்டென் அதை முதுகுப்பையில் வைத்து விமானத்தில் கொண்டுபோனார். மாதக்கணக்கில் ஓடிய அந்தக் கணினி காட்டியது ஒரு நானோ வினாடிக்கும் குறைந்த காலத்தை. அதுவரை எல்லாரும் சவ்வைத் தாங்களே அடுக்கித்தான் தொடங்கினார்கள்.

2001இல் மாரிங்க், லிண்டால், எட்ஹோம், மார்க் ஆகியோர் வேறு மாதிரி தொடங்கினார்கள். சில டஜன் டிபிபிசி மூலக்கூறுகளைத் தண்ணீரில் தாறுமாறாகத் தூவிவிட்டுக் காத்திருந்தார்கள். சில நானோ வினாடிகளுக்குள் வால்கள் ஒன்றையொன்று தேடித் திரள்கின்றன. பிறகு ஓர் அடுக்குப் போன்ற உருவம் வருகிறது, ஆனால் அதன் நடுவில் தண்ணீர் நிரம்பிய ஒரு துளை இருக்கிறது. துளையின் ஓரத்தில் தலைகள் வளைந்து நின்று தண்ணீரை எதிர்கொள்கின்றன. இதுவே நெடுநேரம் நீடிக்கும் கட்டம்; பத்துக்கணக்கான நானோ வினாடிகள் துளை விரிவதும் சுருங்குவதுமாக இருந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று மூடிக்கொள்கிறது, குறையற்ற ஈரடுக்கு கிடைக்கிறது. எவரும் அடுக்காமல் சவ்வு தானே அமைந்தது என்பதால் இந்த ஓட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு: எங்கிருந்து தொடங்கினார்கள் என்ற என் முதல் கேள்விக்கு அது எளிதில் பதில் சொல்லிவிடுகிறது. நீங்கள் பார்த்த காணொளி இதன் வழிவந்த ஒன்றாகவே இருக்க வேண்டும். நடுவில் அந்தத் துளை தோன்றி மூடியதா என்று மறுபடி ஓடவிட்டுப் பாருங்கள்.

நேரம் என்ற இரண்டாம் கேள்விதான் கடினமானது. திரவச் சவ்வில் ஒரு லிப்பிடின் விரவல் எண், அதாவது அது எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு, வினாடிக்குப் பத்துச் சதுர மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும் என்று கொண்டால், ஒரு மைக்ரோ வினாடியில் அது சராசரியாக ஆறு நானோமீட்டர் நகரும். அதாவது நம் பெட்டியை ஒரு முறை கடக்கும். நூறு நானோ வினாடியில் இரண்டு நானோமீட்டர்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறியிருப்பார்கள், தெரு மாறியிருக்காது. ஆகவே இரண்டு மூன்று வகை லிப்பிடுகளைக் கலந்து, கொலஸ்ட்ராலோடு எவை சேர்கின்றன, எவை விலகுகின்றன என்று நூறு நானோ வினாடி ஓட்டத்தை வைத்து முடிவு சொல்பவர், பெரும்பாலும் தாம் முதலில் தூவிய அமைப்பைத்தான் திரும்பப் படிக்கிறார். சவ்வின் அலைவுகள் இன்னும் மோசம். நெடிய அலைகள் தணியும் காலம் அலைநீளத்தின் மும்மடிப்படி ஏறுவதால், பெட்டியின் பக்கத்தை இரட்டித்தால் அணுக்கள் நான்கு மடங்காகும், காத்திருக்க வேண்டிய நேரம் எட்டு மடங்காகும், செலவு 32 மடங்காகும். ஒரு பாஸ்போலிப்பிடு ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தானாகப் புரள்வதற்கோ மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு ஆகலாம். அதை நேரடியாக ஓட்டிப் பார்ப்பது எந்தக் கணினியாலும் ஆகாது. மூலக்கூறைப் படிப்படியாக இழுத்து ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, ஆற்றல் மேட்டின் உயரத்தைக் கணக்கிடும் மறைமுக வழிகள்தாம் உண்டு.

இந்த நேர முட்டுக்கட்டையைத் தாண்டக் குரோனிங்கனில் மாரிங்க் குழு எடுத்த வழி, அணுக்களைக் கூட்டிக் கட்டுவது. ஹைட்ரஜன் நீங்கலாக ஏறக்குறைய நான்கு அணுக்களுக்குப் பாசிமணி போன்ற ஓர் உருண்டை, அதாவது ஒரு மணி, என்று வைத்தால், 130 அணுக்கள் கொண்ட டிபிபிசி 12 மணிகளாகச் சுருங்கும்: தலைக்கு இரண்டு, இணைப்புக்கு இரண்டு, வாலுக்கு நான்கு வீதம் எட்டு. நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு மணி. மணிகள் கனமாகவும் மெத்தென்றும் இருப்பதால் ஒரு தாவலுக்கு இருபது முப்பது ஃபெம்டோ வினாடி எடுக்கலாம். மாதிரியின் பெயர் மார்ட்டினி. அந்த ஊரின் மார்ட்டினி கோபுரத்தை ஒட்டி வந்தது; அதே பெயருள்ள மதுக்கலவையையும் நினைவில் வைத்தே சூட்டினார்கள். 2007இல் இரண்டாம் வடிவமும் 2021இல் மூன்றாம் வடிவமும் வெளியாயின. அணு மாதிரியைவிட நூறு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுவதால், லிப்பிடுகள் கலப்பதையும் பிரிவதையும் இதில்தான் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

சுருக்கியதில் எதை இழந்தோம் என்பதை மறக்காமல் பயன்படுத்த வேண்டும். வாலில் ஒன்றிரண்டு கார்பன் கூடினாலும் குறைந்தாலும் அதே நான்கு மணிகள்தாம்; அந்த நுணுக்கத்தை இந்த மாதிரியிடம் கேட்கக் கூடாது. இரண்டாம் வடிவத்தின் தண்ணீர் மணி மின்னூட்டமற்ற வெறும் உருண்டை, ஆகவே மின்புலம் கொடுத்துச் சவ்வில் துளையிடும் கணக்குக்கு அது ஆகாது. அதற்கென்று மின்முனைகள் கொண்ட தனித் தண்ணீரைப் பிற்பாடு செய்தார்கள். அதைவிட வேடிக்கை, இரண்டாம் வடிவத்தின் அந்த வெறும் தண்ணீர் மணி அறை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடும் என்பதால், பத்தில் ஒரு பங்கு மணிகளைச் சற்றுப் பெரிதாக்கி உறைதடுப்பியாகக் கலக்கிறார்கள். நேரமும் நேரடி நேரமன்று. மேடுபள்ளங்கள் வழவழப்பாகிவிட்டதால் எல்லாம் நான்கு மடங்கு வேகமாக ஓடுகிறது என்று ஒரு வழக்கமான திருத்தம் உண்டு. அதைச் சவ்வின் விரவலுக்கு ஏற்பேன். புரதம் மடங்கும் நேரத்துக்கு அப்படியே பெருக்கிச் சொன்னால் ஏற்கமாட்டேன்.

இதன் பயன் எவ்வளவு என்பதற்கு 2014இல் வந்த ஒரு வேலையைச் சொல்லலாம். இங்கோல்ஃப்சன் முதலானோர் 63 வகை லிப்பிடுகளைக் கொண்டு, இரண்டு அடுக்குகளிலும் வெவ்வேறு கலவையாக, ஏறக்குறைய 20,000 லிப்பிடு மூலக்கூறுகளுடன் ஒரு பாலூட்டிச் செல்லின் வெளிச்சவ்வை 40 மைக்ரோ வினாடி ஓட்டினார்கள். கொலஸ்ட்ரால் இரு அடுக்குகளுக்கும் இடையே புரண்டு புரண்டு தானாகப் பங்கிட்டுக்கொள்வதையும், வெளியடுக்கில் சில லிப்பிடுகள் சிறு திட்டுகளாகக் கூடிக் கலைவதையும் அதில் கண்டார்கள். சமச்சீரற்ற சவ்வைக் கட்டும்போது ஒரு சங்கடம் உண்டு: இரு அடுக்குகளிலும் எத்தனை மூலக்கூறு வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். ஓர் அடுக்கில் நான்கைந்து கூடிவிட்டால், அந்த அடுக்கு நெருக்கத்திலும் மற்றது இழுப்பிலும் இருக்கும். மொத்தச் சவ்வின் இழுவிசை சுழி என்று கணினி மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டிருக்கும். ஒன்றின் பிழையை மற்றது மறைக்கும் இரண்டாம் இடம் இது.

இன்று 55 கோடி அளவிலான மணிகளைக் கொண்டு, மரபணுக்களைக் குறைத்துச் செயற்கையாக ஆக்கிய ஒரு பாக்டீரியச் செல் முழுவதையும் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் இப்போதைக்கு அது ஒரு வீட்டைக் கட்டி முடித்ததைப் போன்றது, உள்ளே குடியிருப்பதைப் போன்றதன்று. செல்லின் ஒரு வேலையும் நிறைவேறாத அளவுக்குத்தான் அதை ஓட்ட முடியும்.

சவ்வு பெரிதாகப் பெரிதாகப் புதுப் பிழைகளும் முளைக்கின்றன. மின்விசையை ஒரு குறிப்பிட்ட தூரத்தோடு வெட்டிவிட்டால் கணக்கு விரைவாகும் என்று முன்பு பலர் செய்தார்கள். அதனால் சவ்வு தவறாகச் சுருங்குகிறது என்று 2003இல் எடுத்துக்காட்டிய பிறகு அந்த வழக்கம் ஒழிந்தது. அண்மைய எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. எந்த அணுவுக்கு எவை அண்டை அணுக்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு தாவலிலும் புதுப்பிக்காமல், பல தாவல்களுக்கு ஒரு முறை புதுப்பிப்பது வழக்கம். இடைப்பட்ட நேரத்தில் பட்டியலுக்கு வெளியிலிருந்து உள்ளே நுழையும் துகள்களின் விசை விட்டுப்போகும். சிறு பெட்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. பெரிய சவ்வில் அந்தச் சிறு விடுபடல்கள் அழுத்தக் கணக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, பெட்டியை நசுக்கி, சவ்வைக் காகிதம் போல மடித்து நெளியச் செய்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹும்மர் குழு 2023இல் இதைக் கண்டுபிடித்து விளக்கியது. அதற்கு முன் அத்தகைய நெளிவைக் கண்டவர் எவரும், சவ்வின் இயல்பான அலைவு என்று எழுதிவிட்டிருக்கக்கூடும். படம் அவ்வளவு உயிரோட்டமாக இருக்கும்.

நீங்களே செய்து பார்க்க முடியுமா என்பதற்குப் பதில்: முடியும், கட்டணமின்றி. குரோமாக்ஸ் என்ற மென்பொருள் திறந்த மூலம். 1990களில் அதே குரோனிங்கனில் பிறந்தது. சவ்வை அடுக்கித் தர சார்ம்-ஜியுஐ என்ற இணையவழிக் கருவி இருக்கிறது. லிப்பிடின் வகையையும் எண்ணிக்கையையும் சொன்னால் தொடக்கக் கோப்புகளை ஆக்கித் தரும். விளையாட்டுக்கென்று விற்கும் நடுத்தர வரைகலை அட்டை உள்ள கணினி இருந்தால், மேலே சொன்ன 128 லிப்பிடுப் பெட்டியை நாளொன்றுக்கு நூறு நானோ வினாடிக்குக் குறையாமல் ஓட்டலாம். முதல் முயற்சியாகப் புரதம், மருந்து, பல வகை லிப்பிடு என்றெல்லாம் போகாதீர்கள். வெறும் டிபிபிசி போதும். வெப்பநிலையை 50 டிகிரிக்கு, அதாவது 323 கெல்வினுக்கு வையுங்கள். கருவி ஆக்கித் தரும் அமைப்புக் கோப்பில் வான்டர் வால்ஸ் விசையை, அதாவது மின்னூட்டம் சாராமல் அணுக்களுக்கிடையே உள்ள குறுந்தொலைவு விசையை, 1.0 நானோமீட்டரிலிருந்து மெல்லக் குறைத்து 1.2இல் சுழியாக்கும் வரிகள் இருக்கும். சார்ம் எண்கள் அந்த ஏற்பாட்டோடு சேர்த்தே பொருத்தப்பட்டவை என்பதால் வேகத்துக்காக அவற்றைத் தொடாதீர்கள். சார்ம் பள்ளியின் தண்ணீர் மாதிரி உண்மைத் தண்ணீரைவிடப் பாகுநிலை மிகக் குறைந்தது; அதனால் விரவல் எண் கூடுதலாக வரும். சிறு பெட்டி தன் நகல்களோடு ஒட்டியிருப்பதால் அதே எண் குறையவும் செய்யும். இரண்டும் ஈடாகி ஆய்வக மதிப்புக்கு அருகே வந்து நின்றால் மகிழ வேண்டாம். கோர்ட்டரையும் கிரெண்டலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் ஓடிய பிறகு பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 64ஆல் வகுத்து, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். முதல் சில பத்து நானோ வினாடிகளில் கோடு ஏறி இறங்கும், அதை விட்டுவிடலாம். அதன் பிறகு அது 0.63ஐ ஒட்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்து, ஒரு திசையில் மட்டும் நகராமல் இருந்தால், இரு பக்கத்துப் பாஸ்பரஸ் அணுக்களுக்கும் இடைப்பட்ட தூரம் 3.8 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, காணொளியைத் திறங்கள்.